எலான் மஸ்க்: தீர்க்கதரிசியா, சவடால் பேர்வழியா? – வாசகர் கேள்வி பதில்

மதுரை வாசகர்: எலான் மஸ்க்கை ஒரு கூட்டம் அவதார புருஷர் ரேஞ்சுக்குத் தூக்கிவைக்கிறது. இன்னொரு கூட்டம் வாயால் வடை சுடுகிறவர் என்கிறது. சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எது சரி?

ராக்கெட் விஷயத்தில் முதல் கூட்டத்தின் பக்கம் நியாயம் அதிகம். தானே ஓடும் கார் விஷயத்தில் இரண்டாவது கூட்டத்தின் பக்கம். ஆள் ஒருவர்தான். இரண்டுக்கும் ஒரே தோரணையில்தான் மேடையேறினார், இரண்டிலும் சொன்ன தேதியைத் தவறவிட்டார். பலன் மட்டும் ஏன் இவ்வளவு மாறியது? காசு எந்தக் கட்டத்தில் கைமாறியது என்று பார்த்தால் புரியும்.

சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு அனுப்பும் வண்டியை உருவாக்க 2006-ல் நாசா மஸ்க்கின் ராக்கெட் கம்பெனியான ஸ்பேஸ்எக்ஸுக்கு ஒதுக்கியது 27.8 கோடி டாலர். அதை மொத்தமாகத் தூக்கிக் கொடுக்கவில்லை. வடிவமைப்பு ஆய்வு முடிந்ததா, இவ்வளவு. சோதனை முடிந்ததா, இவ்வளவு. பறந்து காட்டினாயா, இவ்வளவு என்று படிப்படியாகத்தான் கொடுத்தது. அதே திட்டத்தில் தேர்வான ராக்கெட்பிளேன் கிஸ்லர் என்ற கம்பெனி, வெளியிலிருந்து முதலீடு திரட்டிக் காட்ட வேண்டிய படியில் தவறியது. 2007-ல் நாசா அந்த ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. மஸ்க் மேடையில் என்ன பேசினாலும் ராக்கெட் மேலே போகாமல் அடுத்த தவணை வராது.

மஸ்க்கின் கார் கம்பெனியான டெஸ்லாவின் 'ஃபுல் செல்ஃப் டிரைவிங்' (கார் முழுக்கத் தானே ஓடும் வசதி) விற்கப்பட்டது நேர்மாறாக. 2016 அக்டோபரில் 'தானே ஓடத் தேவையான எல்லா ஹார்டுவேரும் இனி வரும் ஒவ்வொரு காரிலும் இருக்கும்' என்று அறிவித்து, ஓட்டுநருக்குத் துணைசெய்யும் 5,000 டாலர் ஆட்டோபைலட் தொகுப்புக்கு மேல் 3,000 டாலர் வாங்கத் தொடங்கினார்கள். சாஃப்ட்வேர் பிறகு வரும் என்றார்கள். விலை ஏறி ஏறி 2022-ல் 15,000 டாலரைத் தொட்டது. வாங்கியவர் கையில் படியும் இல்லை, தவணையும் இல்லை, கெடு தேதியும் இல்லை.

நாசா மாதிரிக் கறாரான வாடிக்கையாளர் எதிரே உட்கார்ந்தால் மஸ்க்கின் சவடால், வேலை செய்கிறவர்களை முடுக்கிவிடும் சாட்டையாகிறது. எதிரே இருப்பவர் முன்பணம் கட்டிய ரசிகர் என்றால் அது வெறும் விற்பனைப் பேச்சு.

நாகர்கோவில் வாசகர்: ராக்கெட்டைத் திரும்ப இறக்குவதை ஏதோ மஸ்க் கண்டுபிடித்த மாதிரி பேசுகிறார்களே! 1993-லேயே டிசி-எக்ஸ் என்ற அமெரிக்க ராக்கெட் நின்றபடி இறங்கவில்லையா?

இறங்கியது. மெக்டோனல் டக்ளஸ் கட்டியது. ஆனால் அது எட்டிய அதிகபட்ச உயரம் சுமார் 3 கிலோமீட்டர். சுற்றுப்பாதைக்கு ஒரு சரக்கை அனுப்பிவிட்டு, விண்வெளியின் விளிம்பிலிருந்து ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் விழுகிற ராக்கெட்டின் அடிப்பகுதியை, அதாவது முதல் கட்டத்தை, பத்திரமாக இறக்குவது வேறு வேலை.

ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9 ராக்கெட்டின் முதல் கட்டம் சுமார் 40 மீட்டர் உயரக் குழாய். அடியில் ஒன்பது மெர்லின் எஞ்சின்கள். பிரிந்ததும் நைட்ரஜன் வாயுப் பீச்சிகளால் உடம்பைத் திருப்பிக்கொள்கிறது. ஏவுதளத்துக்கே திரும்ப வேண்டுமானால் மூன்று எஞ்சின்களை எரித்து வந்த வழியே வேகத்தைத் திருப்ப வேண்டும். கடலில் நிற்கும் மிதவையில் இறங்குவதென்றால் பெரும்பாலும் இந்த எரிப்பு வேண்டாம். அடர்த்தியான காற்றில் நுழையும்போது மறுபடி மூன்று எஞ்சின்களை எரித்து வேகத்தைக் குறைக்கிறார்கள், இல்லாவிட்டால் வெப்பத்தில் அடிப்பாகம் சிதைந்துவிடும். பிறகு சல்லடை போன்ற நான்கு துடுப்புகள் திசை காட்டுகின்றன. கடைசியில் நடு எஞ்சினை எரித்து இறங்குகிறது.

சிக்கலே இந்தக் கடைசி எரிப்பில்தான். ஒரே ஒரு எஞ்சினைக் குறைந்தபட்ச விசையில் வைத்தாலும், கிட்டத்தட்ட காலியாகிவிட்ட கட்டத்தின் எடையைவிட அந்த விசை அதிகம். ஹெலிகாப்டர் மாதிரி அந்தரத்தில் நின்று இடம் பார்த்து இறங்க முடியாது. வேகம் பூஜ்யமாகும் கணமும் உயரம் பூஜ்யமாகும் கணமும் ஒன்றாக இருக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் மறுபடி மேலே எழும்பும், பிந்தினால் மோதும்.

மோதியது, பல முறை. 2015 ஜனவரியில் துடுப்புகளை இயக்கும் ஹைட்ராலிக் எண்ணெய் பாதி வழியில் தீர்ந்து மிதவையில் சாய்ந்து மோதியது. ஏப்ரலில் எஞ்சின் விசையைக் கட்டுப்படுத்தும் வால்வு ஒட்டிக்கொண்டு, கட்டளைக்குச் சற்றுப் பிந்தியே அசைந்தது, இறங்கியதும் கவிழ்ந்தது. 2015 டிசம்பர் 21 அன்று முதல் வெற்றி. அடுத்த ஜனவரியில் அழகாக இறங்கியும் நான்கு கால்களில் ஒன்று பூட்டிக்கொள்ளாமல் சாய்ந்து வெடித்தது. ஏவும்போது இருந்த மூடுபனி பூட்டுப்பகுதியில் பனிக்கட்டியாக உறைந்திருக்கலாம் என்றார்கள். 2018 பிப்ரவரியில், மூன்று முதல்கட்டங்களைப் பக்கம் பக்கமாக இணைத்த ஃபால்கன் ஹெவி ராக்கெட்டின் நடுக்கட்டத்துக்கு எஞ்சினைப் பற்றவைக்கும் திரவம் போதவில்லை. மூன்றில் ஒரு எஞ்சின் மட்டும் பற்ற, மணிக்கு சுமார் 500 கிலோமீட்டர் வேகத்தில் மிதவைக்குப் பக்கத்தில் கடலில் விழுந்தது. அன்று உலகம் பார்த்ததெல்லாம் அந்த ராக்கெட் சரக்காக ஏற்றிப்போய் விண்வெளியில் மிதந்த சிவப்பு டெஸ்லா காரைத்தான்!

ஒவ்வொரு தோல்விக்கும் காரணம் ஒரு வால்வு, ஒரு பூட்டு, ஒரு திரவத்தின் அளவு என்று விரல் வைத்துச் சொல்ல முடிந்தது. அடுத்த ஏவலில் அதைத் திருத்தவும் முடிந்தது. சரக்கை ஏற்கெனவே வாடிக்கையாளர் காசில் அனுப்பியாகிவிட்டதால், திரும்பும் வழியில் உடைவது கிட்டத்தட்ட இலவசச் சோதனை. இந்த ஏற்பாட்டைத்தான் நான் தொலைநோக்கு என்பேன். இன்று ஒரே முதல்கட்டம் 30 தடவைக்கு மேல் பறந்திருக்கிறது.

விருதுநகர் வாசகர்: மஸ்க் உண்மையில் எஞ்சினீயரா, அல்லது எஞ்சினீயர்களை வைத்து வேலை வாங்கும் முதலாளியா?

பட்டம் இயற்பியலிலும் பொருளாதாரத்திலும், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வாங்கியது. மெர்லின் எஞ்சினை உருவாக்கிய குழுவின் தலைவர் டாம் முல்லர். ஒப்பந்தங்களைப் பிடித்து கம்பெனியை நடத்துகிறவர் குவின் ஷாட்வெல். தரையிறங்கும் கணக்கைப் போட்டதில் முக்கியமானவர் லார்ஸ் பிளாக்மோர். டெஸ்லா பேட்டரிக்கு ஜே.பி. ஸ்ட்ராபெல். இவர்கள் பெயர் நம் ஊர்ச் செய்திகளில் வருவதே இல்லை, அது அநியாயம்.

ஆனால் மஸ்க் வெறும் காசோலைக் கையெழுத்து மட்டும் அல்ல. ஸ்பேஸ்எக்ஸின் புதிய ராட்சத ராக்கெட்டான ஸ்டார்ஷிப்பை முதலில் கார்பன் ஃபைபரில் கட்டுவதாக இருந்தது. 2018 கடைசியில் எவர்சில்வருக்கு மாற்றச் சொன்னது அவர்தான். அவர் சொன்ன கணக்கு: கார்பன் ஃபைபர் கிலோ 135 டாலர், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டியெறியும் கழிவு; எவர்சில்வர் கிலோ 3 டாலர். கடுங்குளிரில் இந்த எஃகின் பலம் கூடுகிறது, சூட்டையும் அதிகம் தாங்குகிறது. வெட்டவெளியில் கூடாரம் போட்டு வெல்டிங் செய்யலாம். நல்ல முடிவு.

அதே ஸ்டார்ஷிப்புக்கு, தீச்சுவாலையை ஒதுக்கிவிடும் பள்ளம் இல்லாமலேயே ஏவுமேடை கட்டவும் ஆசைப்பட்டார். இது தப்பாகப் போகலாம் என்று 2020-லேயே அவரே எழுதியும் இருந்தார். 2023 ஏப்ரல் 20 அன்று 33 எஞ்சின்களுடன் கட்டிய ராக்கெட் அந்த கான்கிரீட் தரையைத் தோண்டி எறிந்துவிட்டது. துண்டுகள் கடல்வரை பறந்தன. பிறகுதான் தண்ணீர் பீய்ச்சும் எஃகுத் தட்டை அடியில் பதித்தார்கள்.

ஓசூர் வாசகர்: நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் எதற்கெடுத்தாலும் 'ரோபோ போடு' என்கிறார்கள், டெஸ்லாவை உதாரணம் காட்டுகிறார்கள். டெஸ்லாவில் அது எப்படிப் போனது?

மோசமாகப் போனது. 2017 கடைசிக்குள் வாரம் 5,000 மாடல் 3 கார்கள் என்பது இலக்கு. எட்டியது 2018 ஜூன் இறுதியில். நடுவில் கம்பெனி திவாலாகும் நிலைக்குப் போய் வந்தது. காரணம் ஆள் பற்றாக்குறை அல்ல, ரோபோ மிகுதி.

பேட்டரி பேக்கின் மேல் கண்ணாடியிழை விரிப்பு ஒன்றைப் பரப்ப ஒரு ரோபோ வைத்திருந்தார்கள். மெத்தென்று தொய்கிற பொருளை ரோபோவின் கையால் சரியாகப் பிடிக்க முடியாது. எடுக்கத் தவறும், கோணலாக வைக்கும், வரிசையே நிற்கும். ரோபோவைச் சரிசெய்தார்கள், வேகப்படுத்தினார்கள், பசையைக் குறைத்தார்கள். கடைசியில்தான் யாரோ கேட்டார்கள்: இந்த விரிப்பு எதற்கு? பேட்டரிக் குழு 'சத்தத்தைக் குறைக்க' என்றது. சத்தம் பார்க்கும் குழு 'தீப்பிடிக்காமல் இருக்க' என்றது. விரிப்போடு ஒரு கார், விரிப்பில்லாமல் ஒரு கார், உள்ளே மைக் வைத்துப் பதிவு செய்து கேட்டார்கள். வித்தியாசம் தெரியவில்லை. விரிப்பும் போனது, ரோபோவும் போனது.

பிறகு மஸ்க் சொல்லத் தொடங்கிய ஐந்து படிகள் உங்கள் தொழிற்சாலைக்கும் உதவும், ஆனால் வரிசை மாறக்கூடாது. முதலில், இந்தத் தேவையைச் சொன்னது யார் என்று கேளுங்கள். துறையின் பெயரைச் சொல்லக்கூடாது, ஆளின் பெயர் வேண்டும். இரண்டாவது, பாகத்தையோ வேலையையோ நீக்கிப் பாருங்கள். நீக்கியதில் பத்தில் ஒன்றையாவது திரும்பச் சேர்க்க நேரவில்லை என்றால் நீங்கள் போதுமான அளவு நீக்கவில்லை. மூன்றாவது, மிஞ்சியதை எளிமையாக்குங்கள். நான்காவது, வேகப்படுத்துங்கள். ரோபோ ஐந்தாவது. மாடல் 3-ல் அவர் இதைக் கடைசியிலிருந்து முதலுக்குச் செய்தார். 'அளவுக்கு மீறி இயந்திரமயமாக்கியது என் தவறு' என்று 2018 ஏப்ரலில் ட்விட்டரிலேயே ஒப்புக்கொண்டார். அந்த ஜூனில் ஃப்ரீமான்ட் தொழிற்சாலை வளாகத்தில் பெரிய கூடாரம் ஒன்று போட்டு, ஆட்களை வைத்துக் கார்களை உருவாக்கித்தான் இலக்கைத் தொட்டார்கள். உங்கள் மேலாளரிடம் கூடாரத்தின் படத்தையும் சேர்த்துக் காட்டுங்கள்.

கோவை வாசகர்: அமெரிக்காவில் இருக்கும் மகன் டெஸ்லாவில் ஸ்டியரிங்கைத் தொடாமலே ஆபீஸ் போகிறான். அப்படியிருக்க, தானே ஓடும் கார் பொய் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

கார் ஓட்டுகிறது என்பது உண்மை. பொறுப்பை ஏற்கிறதா என்பதுதான் கேள்வி. தானியக்கத்துக்கு 0 முதல் 5 வரை படிநிலைகள் உண்டு. உங்கள் மகன் காரில் இருப்பது 2-ம் நிலை: கார் ஸ்டியரிங், பிரேக், வேகம் மூன்றையும் பார்த்துக்கொள்ளும், கண்காணிப்பதும் தவறினால் பிடிப்பதும் மனிதர் கடமை. இடித்தால் ஓட்டுநர் இருக்கையில் இருப்பவர் பொறுப்பு. டெஸ்லாவே பின்னாளில் அதன் பெயரோடு 'மேற்பார்வையுடன்' என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டது. மகன் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கவே கூடாது. நூறு தடவை நன்றாக ஓட்டிய பிறகு வருகிற அலட்சியம்தான் இதில் உள்ள பெரிய ஆபத்து.

கூகுளின் தாய்க் கம்பெனிக்குச் சொந்தமான வேய்மோவின் கார்கள் லைடார் (லேசர் ஒளியால் தூரம் அளக்கும் கருவி), ரேடார், கேமரா மூன்றையும் வைத்து, முன்கூட்டியே வரைபடம் எடுத்த நகரங்களில் மட்டும் ஓட்டுநர் இல்லாமல் ஓடுகின்றன. மஸ்க் லைடாரை முட்டாள்தனம் என்று 2019-ல் ஒதுக்கினார். 2021-ல் ரேடாரையும் எடுத்தார், 2022-ல் பம்பரில் இருந்த அல்ட்ராசானிக் உணரிகளையும் எடுத்தார். மிஞ்சியது கேமரா மட்டும். செலவு குறையும், எந்த ஊரிலும் ஓட்டிப் பார்க்கலாம். அந்த வாதத்தில் பொருள் உண்டு. ஆனால் எதிர்வெயில் கண்ணைக் கூசும்போது, கேமரா மேல் சேறு தெறிக்கும்போது, சரிபார்க்க இரண்டாவது சாட்சி இல்லை.

தேதிகளைப் பாருங்கள். 2017 முடிவதற்குள் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூயார்க் வரை கைபடாமல் ஒரு கார் ஓடிக் காட்டும் என்றார். அப்படி ஒன்று நடக்கவில்லை. 2020-ல் பத்து லட்சம் ரோபோடாக்சிகள் என்று 2019-ல் சொன்னார். ஆஸ்டினில் சோதனை ஓட்டம் தொடங்கியது 2025 ஜூனில், சில கார்களோடு, முன்சீட்டில் கம்பெனி ஆள் ஒருவரை உட்கார வைத்து. எல்லா ஹார்டுவேரும் உள்ளே இருப்பதாகச் சொல்லி விற்ற கார்களுக்கு 2019-ல் புதுக் கணினி பொருத்த நேர்ந்தது. அதுவும் போதாது, காசு கட்டியவர்களுக்கு இன்னொரு முறை மாற்றித்தர வேண்டியிருக்கும் என்று 2025 ஜனவரியில் மஸ்க்கே ஒத்துக்கொண்டார்.

2016-ல் வெளியிட்ட விளம்பர வீடியோவில் 'ஓட்டுநர் சட்டத்துக்காக மட்டுமே உட்கார்ந்திருக்கிறார்' என்று எழுத்து வரும். முன்பே முப்பரிமாண வரைபடம் எடுத்த குறிப்பிட்ட பாதையில் ஓட்டிப் படம் பிடித்தது அது. ஒத்திகையில் மனிதர்கள் குறுக்கிட வேண்டி வந்தது. இதை நீதிமன்ற வாக்குமூலத்தில் சொன்னவர் டெஸ்லாவின் ஆட்டோபைலட் மென்பொருள் இயக்குநராக இருந்த அசோக் எல்லுசாமி, நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர்.

புதுச்சேரி வாசகர்: டெஸ்லாவை மஸ்க் தொடங்கவே இல்லையாமே? அரசாங்கக் காசில் வளர்ந்த கம்பெனி என்றும் சொல்கிறார்களே?

2003 ஜூலையில் தொடங்கியவர்கள் மார்ட்டின் எபர்ஹார்டும் மார்க் டார்பெனிங்கும். 2004 பிப்ரவரியில் முதல் பெரிய முதலீட்டுச் சுற்றில் 75 லட்சம் டாலரில் 65 லட்சத்தை மஸ்க் போட்டுச் சேர்மன் ஆனார். பிறகு சண்டை, வழக்கு. 2009 சமரசத்தின்படி ஐந்து பேர் 'இணை நிறுவனர்' என்று போட்டுக்கொள்ளலாம். மஸ்க் பணம் போட்டபோது கம்பெனியில் காரே இல்லை, யோசனைதான் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அரசுப் பணம்: 2010-ல் அமெரிக்க எரிசக்தித் துறை 46.5 கோடி டாலர் கடன் கொடுத்தது, 2013 மே மாதமே வட்டியோடு அடைத்தார்கள். பெரிய விஷயம் கடன் அல்ல, மாசு கிரெடிட். புகையில்லா கார்களைக் குறிப்பிட்ட அளவு விற்காத கம்பெனிகள் விற்றவர்களிடமிருந்து கிரெடிட் வாங்கிக் கணக்கைச் சரிக்கட்ட வேண்டும் என்பது கலிஃபோர்னியா போன்ற இடங்களின் விதி. டெஸ்லா முதன்முதலாக முழு ஆண்டு லாபம் காட்டிய 2020-ல் லாபம் 72.1 கோடி டாலர். கிரெடிட் விற்ற வருமானம் மட்டும் 158 கோடி. கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் மோசடி எதுவும் இல்லை, சட்டம் அதற்காகவே போடப்பட்டது. 'சொந்தக் காலில் நின்றேன்' என்று அவர் பேசும்போது மட்டும் இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள்.

சென்னை கல்லூரி மாணவர்: இப்படிப்பட்ட மேடை அறிவிப்புகளில் எது தேறும், எது தேறாது என்று நாங்களே கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு, கொஞ்சம் பொறுமை வேண்டும்.

மேடையில் நகர்கிற பொருளை யார் இயக்குகிறார்கள் என்று முதலில் பாருங்கள். 2021-ல் 'டெஸ்லா ரோபோ' என்று மேடையில் ஆடியது உடை மாட்டிய மனிதர், அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. 2024 அக்டோபர் விழாவில் விருந்தினர்களுக்குப் பானம் ஊற்றிப் பேசிய டெஸ்லாவின் மனித உருவ ஆப்டிமஸ் ரோபோக்களைப் பெரும்பாலும் தொலைவிலிருந்து மனிதர்கள் இயக்கினார்கள். இந்தத் தடவை விழாவில் அதை உரக்கச் சொல்லவில்லை.

அடுத்து, விலையையும் அளவையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 2019-ல் டெஸ்லாவின் பிக்கப் வண்டியான சைபர்டிரக் 39,900 டாலரில் தொடங்கும், மேல்ரகம் 69,900 டாலருக்கு 800 கிலோமீட்டர் ஓடும் என்றார்கள். 2023 நவம்பரில் வந்தபோது பட்டியலின் ஆரம்ப விலையே 60,990. அதிகபட்சத் தூரம் சுமார் 550 கிலோமீட்டர். தேதி தள்ளிப்போவது சகஜம். விலையும் தூரமும் சேர்ந்து மாறினால், அறிவித்த நாளில் பேட்டரிக் கணக்கு கையில் இல்லை என்று அர்த்தம்.

முன்பணம் வாங்குகிறார்களா என்று பாருங்கள். 2017-ல் காட்டிய புது ரோட்ஸ்டர் காருக்கு 50,000 டாலர், முதல் தொகுதிக்கு முழு 2,50,000 டாலர் முன்பதிவு வாங்கினார்கள். வருவதாகச் சொன்ன ஆண்டு 2020. சொன்ன ஆண்டில் வரவில்லை, அதற்குப் பிறகு பல ஆண்டுகளும் வரவில்லை.

அறிவிப்பால் வேறு எங்காவது லாபம் வருகிறதா என்றும் பாருங்கள். 2013-ல் 90 வினாடியில் காரின் பேட்டரியை மாற்றிக் காட்டினார்கள், கைதட்டல் பறந்தது. விரைவாக 'நிரப்ப' முடிகிற காருக்குக் கூடுதல் மாசு கிரெடிட் என்று அப்போது விதி இருந்தது. பேட்டரி மாற்றும் நிலையம் ஒன்று திறந்தார்கள், அதோடு விட்டுவிட்டார்கள்.

கடைசியாக, அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் 'எட்கர்' தளத்துக்குப் போங்கள், இலவசம். கம்பெனியின் பெயரைப் போட்டு '10-கே' என்ற ஆண்டறிக்கையைத் திறந்து, 'ரிஸ்க் ஃபேக்டர்ஸ்' பகுதியைப் படியுங்கள். மேடையில் 'அடுத்த வருஷம் உறுதி' என்றது அங்கே 'தாமதமாகலாம், செலவு கூடலாம்' என்று வக்கீல் பாஷையில் இருக்கும். இரண்டுக்கும் முரண் வந்தால் அறிக்கையை நம்புங்கள், அதில் பொய் சொன்னால் வழக்கு வரும். ட்வீட்டுக்கும் வரலாம்: 2018 ஆகஸ்டில் 'பங்கு ஒன்றுக்கு 420 டாலர் கொடுத்து டெஸ்லாவைத் தனியார் கம்பெனியாக்க நினைக்கிறேன், நிதி ஏற்பாடாகிவிட்டது' என்று எழுதியதற்கு மஸ்க்குக்கு 2 கோடி டாலர், கம்பெனிக்கு 2 கோடி டாலர் அபராதம், சேர்மன் பதவியும் போனது.

திருச்சி வாசகர்: ஹைப்பர்லூப் என்ன ஆயிற்று?

காற்றை உறிஞ்சியெடுத்த நீண்ட குழாய்க்குள் பயணிகள் பெட்டியை அதிவேகத்தில் செலுத்தும் யோசனை அது. 2013-ல் மஸ்க் வெளியிட்ட திட்டவரைவில் லாஸ் ஏஞ்சலஸ் – சான் ஃபிரான்சிஸ்கோ 35 நிமிடம், செலவு சுமார் 600 கோடி டாலர். அவர் கட்டவில்லை. அந்த யோசனையில் பெரிய முதலீடு திரட்டிய ஹைப்பர்லூப் ஒன் 2023 இறுதியில் கடையைக் கட்டியது. ஒரு சின்னக் கணக்கு: 550 கிலோமீட்டர் எஃகுக் குழாய் 30 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 200 மீட்டர் நீளும். அந்த நீட்சியை, உள்ளே வெற்றிடம் கெடாமல், எங்கே ஒளித்து வைப்பது? நம் சென்னை ஐ.ஐ.டி. மாணவர்கள் தையூர் வளாகத்தில் நானூறு மீட்டருக்குச் சற்று மேல் சோதனைக் குழாய் அமைத்திருக்கிறார்கள். நல்ல ஆராய்ச்சி. டிக்கெட் முன்பதிவு செய்ய அவசரப்பட வேண்டாம்.

சேலம் வாசகர்: ட்விட்டரை வாங்கியது தொலைநோக்கா?

4,400 கோடி டாலர் வியாபாரத்தில் கணக்குவழக்கை ஆராயும் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு பின்வாங்கப் பார்த்தார். ட்விட்டர் டெலவேர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் விசாரணை நெருங்கியதும் 2022 அக்டோபரில் வாங்கி முடித்தார். இதற்குத் தொலைநோக்கு என்று பெயர் இல்லை.

யாழ்ப்பாண வாசகர்: எங்கள் ஊரில் ஸ்டார்லிங்க் எடுக்கலாமா என்று யோசிக்கிறோம். இதுவும் வெறும் விளம்பரம்தானா?

இல்லை, மஸ்க்கின் இந்தச் செய்மதி இணையம் நிஜம். பழைய செய்மதி இணையம் 35,786 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வந்தது. போய்வரவே அரை வினாடிக்கு மேல் ஆகும், வீடியோ அழைப்பில் இருவர் பேச்சும் முட்டிக்கொள்ளும். ஸ்டார்லிங்க் செய்மதிகள் சுமார் 550 கிலோமீட்டரில் சுற்றுவதால் அந்தத் தாமதம் பத்தில் ஒரு பங்காகிறது. பில் கேட்ஸ் முதலீடு செய்த டெலிடெசிக் 1990-களில் இதையே திட்டமிட்டு 2002-ல் கைவிட்டது. நூற்றுக்கணக்கில் ஏவ அவர்களிடம் சொந்தமாக மலிவான ராக்கெட் இல்லை. மஸ்க்கிடம் இருந்தது. ஒரு செய்மதியின் ஆயுள் சுமார் ஐந்து ஆண்டுதான், ஆகவே ஏவிக்கொண்டே இருக்க வேண்டும்.

எடுப்பதற்கு முன், அவர்களது செயலியில் உள்ள தடை பார்க்கும் வசதியைத் திறந்து, தட்டு வைக்கப்போகும் இடத்திலேயே நின்று ஃபோனை வானத்துக்குச் சுழற்றிப் பாருங்கள். பனையும் தென்னையும்தான் உங்கள் பக்கத்தில் முதல் எதிரி. ஒரு ஓலை மறைத்தாலும் சில நிமிடத்துக்கு ஒருமுறை இணைப்பு அறும். முற்றத்தில் சரிவராவிட்டால் கூரைக்கு மேல் குழாய்க்கம்பம் நாட்டுங்கள். அடைமழையில் சற்று நேரம் வேகம் விழும், அது பழுதல்ல. மின்சாரத்தையும் கணக்கிடுங்கள்: சராசரி 75 வாட் என்றால் நாளுக்கு 1.8 அலகு, மாதம் 54 அலகு. சிறிய வீட்டின் பட்டியலை அது அடுத்த கட்டணப் படிக்கு ஏற்றிவிடும். இரவில் அணைத்து வைக்கலாம். வீட்டு வாசலில் ஃபைபர் வந்திருந்தால் அதையே எடுங்கள், மலிவு.

தஞ்சாவூர் வாசகர்: செவ்வாய்க்கு மனிதர் போவது எப்போது?

2022-ல் சரக்கு, 2024-ல் மனிதர் என்று 2017-ல் அடிலெய்டில் சொன்னார். இரண்டும் கடந்து போயின. பூமியிலிருந்து செவ்வாய்க்குக் கிளம்பத் தோதான நேரம் 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். ஒன்றைத் தவறவிட்டால் இரண்டு வருஷத்துக்கு மேல் போச்சு.

தேதியை விடுங்கள், ஒரு வேலையை மட்டும் கவனியுங்கள். ஸ்டார்ஷிப் சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேரும்போது தொட்டி கிட்டத்தட்ட காலி. செவ்வாய்க்கோ நிலவுக்கோ போக, டேங்கர் கப்பல்கள் பல முறை வந்து நிரப்ப வேண்டும். எடையில்லாத நிலையில் திரவம் தொட்டியின் அடியில் நிற்காமல் உருண்டையாக மிதக்கும். மெல்ல முடுக்கிவிட்டு அதை ஒரு பக்கம் ஒதுக்கிய பிறகுதான் இறைக்க முடியும். மீத்தேனும் ஆக்சிஜனும் கடுங்குளிர்த் திரவங்கள், காத்திருக்கும் நேரமெல்லாம் ஆவியாகிக்கொண்டிருக்கும். 2024 மார்ச்சில் ஒரே கப்பலுக்குள் தொட்டிவிட்டுத் தொட்டி மாற்றிப் பார்த்தார்கள். அந்த அக்டோபரில் திரும்பிவந்த பூஸ்டரை (ஸ்டார்ஷிப்பின் முதல் கட்டம்) கோபுரத்தின் கைகளால் பிடித்தது அசாத்திய வேலை. 2025-ன் முதல் பாதியில் அடுத்தடுத்து மூன்று மேல்கட்டங்கள் பறக்கையில் அழிந்தன, ஒன்று தரைச் சோதனையிலேயே வெடித்தது. ஆகஸ்டிலும் அக்டோபரிலும் பறந்தவை தேறின. இரண்டு கப்பல்கள் மேலே இணைந்து டன் கணக்கில் எரிபொருள் மாற்றிக்கொள்ளும் நாளிலிருந்து இந்தக் கேள்வியை நீங்கள் மறுபடி கேட்கலாம். நிலவில் இறங்கும் கப்பலுக்காக நாசா 2021-ல் போட்ட 289 கோடி டாலர் ஒப்பந்தமும் படிப்படியாகப் பணம் தருகிற ரகம்தான். ஆகவே எனக்கு நம்பிக்கை உண்டு, தேதியில் மட்டும் இல்லை.

ஈரோடு வாசகர்: மஸ்க்கே பேசும் வீடியோ ஃபேஸ்புக்கில் வந்தது. ஒரு பிட்காயின் அனுப்பினால் இரண்டாகத் திருப்பித் தருவாராம். மைத்துனர் பணம் போடத் துடிக்கிறார்.

தடுத்து நிறுத்துங்கள். முகமும் குரலும் செயற்கை நுண்ணறிவில் செய்த போலி. உதட்டசைவு சொல்லோடு பிசகலாம், பின்னணி பழைய விழா மேடையாக இருக்கலாம். ஏற்கெனவே பணம் போட்டுவிட்டார் என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழைத்து, வங்கிப் பரிவர்த்தனை எண், நேரம், தொகை மூன்றையும் சொல்லுங்கள். கிரிப்டோவாக மாறுவதற்கு முன் வங்கிக் கணக்கில் நிற்கும் பணத்தைத்தான் முடக்க முடியும். வீடியோவின் இணைப்பையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள், புகாருக்கு அவை தேவைப்படும்.